தாம்பாளத்தில் சுற்றிய எலுமிச்சம்பழம்

அந்தப் பழத்தைச் சுற்றவைத்தது நான் செய்த எந்திரம். அம்மன் ஆத்தா அல்ல. இத்தனை வருடம் கழித்தாவது இதைச் சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

கும்மிடிப்பூண்டியில் எட்டாவது படிக்கும்போது, மயில்துத்தக் கரைசலைக் கரண்டியில்லாமல் கலக்கும் எந்திரம் ஒன்றைப் பள்ளிக் கண்காட்சிக்காகச் செய்தேன். சோழவரம் கார் பந்தயத்துக்குப் போனபோது மாமா வாங்கித் தந்த பொம்மைக் காரின் மோட்டார், அதற்குப் பச்சை ஒயர். அதன் தலையில் உடைந்த ரேடியோவின் காந்தத் துண்டு. மேலே கண்ணாடித் தம்ளர். தம்ளருக்குள் பேனா ரீஃபில் குழாயில் அடைத்த ஊசித் துண்டு கிடக்கும். கீழே காந்தம் சுற்றினால் உள்ளே ஊசி சுற்றும்.

கண்காட்சிக்கு முதல் நாள் எந்திரத்தைக் காணோம். தேடித் தர ஆளில்லை. வீட்டில் வேறு அமர்க்களம். அக்காவை எளாவூர் லாரிக்காரர் ஒருவருக்கு இரண்டாம் தாரமாகக் கொடுக்க நைனா முடிவு செய்திருந்தார். அவள் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை, அவர் மசியவில்லை. எங்கள் குடும்ப வழக்கப்படி அம்மன் உத்தரவு மட்டும் பாக்கி. தாம்பாளத் தண்ணீரில் எலுமிச்சம்பழம் மிதக்கவிடுவார்கள். நின்றால் சம்மதம், சுற்றினால் கூடாது. எனக்குத் தெரிந்து அது சுற்றியதே இல்லை.

அன்று சுற்றியது. பம்பை மேளச் சத்தத்தில் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தாம்பாளம் வைத்த பலகைக்கு மாமா கட்டிய சிவப்புத் துணி விலகி, என் பச்சை ஒயர் தெரிந்தது. மாமாவோ கைகட்டிப் பக்தியாக நின்றார்!

“அய்யோ, அது என்னோட…” என்றேன். அக்கா என் வாயைப் பொத்தினாள். விரலெல்லாம் எலுமிச்சை வாசம்; என் ஊசியைப் பழத்துக்குள் செருகியது இவள்தான். திருடி!

“ஆத்தா கோச்சிக்கினா! அந்த எடம் வேணாம்” என்று நைனா நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். ஆத்தாவைக் குளிரவைக்க மூன்று குடம் மஞ்சள் தண்ணீரைப் பலகைமேலேயே கொட்டினார். என் மோட்டார் அதோடு தீர்ந்தது.

மறுநாள் வெறும் தம்ளரோடு நின்றேன். சோப்பு நுரை ஊதியவளுக்குப் பரிசு கொடுத்தார்கள். அநியாயம்!

சாயங்காலம் அக்கா என்னைக் கட்டிக்கொண்டு, “உன் மிஷினு ஜெயிச்சிடுச்சிடி” என்றாள்.

“இன்னா ஜெயிச்சுது? கப்பு எங்க?”

அவள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். போனது என் மோட்டார், இவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.