பொன்னாடைக்குள் இருந்த மனு

1. பெட்டி

எங்கள் தோட்டத் தொழிலாளர் சங்க அலுவலகத்தில் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "தலைவரோட செக்ரட்டரின்னா என்ன வேலைங்க?" என்பதுதான். கடிதம் எழுதுவது, போன் எடுப்பது, மைக் சரிபார்ப்பது என்று சொல்லி வைப்பேன். உண்மையில் என் வேலையில் பாதி, பொன்னாடை மடிப்பது.

எங்கள் தலைவர் வீரமலை இலங்கை மலையகத்தில், டயகமப் பக்கம் ஒரு தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பராவில் பிறந்தவர். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை பார்த்தவர், சங்கத்தின் தோட்டத் தலைவராகி, பிரதேச சபைக்குப் போய், மாகாண சபைக்குப் போய், பாராளுமன்றத்தையும் பார்த்துவிட்டார். எழுபதைத் தாண்டிய பிறகும் தோட்டத்துப் படிகளில் அவர் முன்னால் ஏறுவார், நான் பின்னால் மூச்சு வாங்குவேன்.

எங்கே போனாலும் அவர் தோளில் பத்துப் பொன்னாடையாவது விழும். விழுந்த கையோடு கழற்றி என்னிடம் நீட்டுவார். தலவாக்கலை அலுவலகத்தில் அதற்கென்றே ஒரு தகரப் பெட்டி வைத்திருந்தேன். நல்லவற்றைப் பளபளக்கும் உறையில் போட்டு, எந்த ஊரில் கிடைத்தது என்று சீட்டுக் குத்தி அடுக்குவேன். தலைவர் யாரையாவது கௌரவிக்க வேண்டுமென்றால் அதிலிருந்து ஒன்று வெளியே வரும். டயகமவில் விழுந்தது இறம்பொடைக்குப் போகும், இறம்பொடையில் விழுந்தது டயகமவுக்குப் போகும். ஒருநாளும் பிசகியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

2. பெரட்டுக்களம்

ஒரு மழைக்காலத்தில் தலைவர் பிறந்த தோட்டத்திலிருந்தே சேதி வந்தது. அங்கே சங்கத்தின் மாதர் தலைவி லெட்சுமி, கொழுந்து பறிக்கிறவர். போனில் சுற்றி வளைக்காமல் பேசினார்.

"பிள்ளைக்காம்பரா கூர ஒழுகுதுங்க. நாங்க மலைக்குப் போறப்ப கைக்குழந்தைங்கள ஈரத்துலதான் விட்டுட்டுப் போறோம். மனு குடுத்து ரெண்டு வருசமாச்சு, ஒரு பதிலும் இல்ல. எல்லாரும் சங்கத்த விட்டு வெலகுறோம். கடிதம் எழுதிக் கையெழுத்தும் வாங்கியாச்சு."

தலைவர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நான் பொறந்த தோட்டமே வேண்டாம்னு சொல்லிட்டா, வேற தோட்டத்துல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேசுறது? கணேசு, மனு வந்துச்சா இல்லையா?"

பதிவுப் புத்தகத்தை இரண்டு முறை புரட்டினேன். "அப்படி ஒரு மனு வரவே இல்லைங்க ஐயா," என்று அடித்துச் சொன்னேன். அதோடு நிற்காமல் யோசனையும் சொன்னேன். "அந்தம்மாவுக்கு ஒரு பொன்னாடையப் போட்டுட்டா கோவம் ஆறிடுங்க." பெட்டியைத் திறந்தேன். மேலே கிடந்த உறையில் சீட்டு இல்லை. ஜீப் வெளியே ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது. இறம்பொடையில் வந்ததாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு ஓடினேன்.

காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில்தான் கூட்டம். பெண்கள் தூறலில், மழைக்குப் போர்த்தும் கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். லெட்சுமியின் கையில் விலகல் கடிதங்கள், கட்டாக.

"மனு எங்க கைக்கு வரவே இல்லம்மா. வந்திருந்தா விட்டிருப்பேனா?" என்றார் தலைவர். பிறகு பொன்னாடையை வாங்கி, போர்த்துவதற்காக ஓர் உதறு உதறினார்.

மடிப்பிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்று விழுந்தது.

லெட்சுமி குனிந்து எடுத்துப் பிரித்தார். "இது ஏங் கையெழுத்துதானுங்களே!" பிறகு பொன்னாடையின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். "இதுவும் நான் போட்டதுதான். ஜரிகை பிரிஞ்சிருந்துச்சுன்னு ஆரஞ்சு நூலால நாந்தான் தச்சேன். ஏங்க, போர்வையும் மனுவும் ரெண்டு வருசமா ஒண்ணாவா தூங்குச்சு?"

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அவர் பொன்னாடை போட்டு மனு கொடுத்த அன்றைக்கும் மழை. தாள் நனையக் கூடாதே என்று அந்தப் பொன்னாடைக்குள் பத்திரமாக வைத்தவன் நானேதான். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

தலைவர் என்னைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். முன்வரிசைப் பெண்கள் சிரித்தார்கள், பின்வரிசை சிரித்தது, கடைசியில் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையும் குடைக்குள் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் மைக்கை வாங்கினார். "மனு வரலன்னு சொன்னது தப்பு. வந்திருக்கு. பிள்ளைக்காம்பரா ஒழுகுது, எங்க பொட்டி ஒழுகல. அதனால எங்களுக்குத் தெரியாமப் போச்சு. தப்பு என்னோடது. ஒரு மாசம் குடுங்க. தகரம் வரலன்னா, அந்தக் கட்டுல என் கடிதத்தையும் சேத்துக்குங்க."

"ஒரு மாசந்தான்," என்றார் லெட்சுமி. கடிதக் கட்டைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டு, பொன்னாடையையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

3. துரை பங்களா

ஜீப் நேராகத் தோட்ட நிர்வாகியான துரையின் பங்களாவுக்குப் போனது. தலைவர் சிங்களத்தில் நலம் விசாரித்துவிட்டு, மனுவை என் கையில் கொடுத்தார். "தூங்க வச்சவரே எழுப்பட்டும். படிங்க." படித்தேன். பார்க்கலாம் என்றார் துரை. மறுநாளும் போனோம், மறுபடி படித்தேன். ஆறாவது நாள் நான் தொண்டையைக் கனைத்ததுமே துரை கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயோ போதும், மனப்பாடம் ஆயிருச்சு! தகரம் அனுப்புறேன்." அவர் தமிழில் பேசி அன்றுதான் கேட்டேன்.

மூன்றாவது வாரம் லொறி வந்தது. எல்லாரும் கூலியில்லாமல் கூடிச் செய்த சிரமதானத்தில் கூரை ஏறியது. தலைவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு, மேலே இருந்தவர்களை வேலை வாங்கினார். திறப்பு விழா அன்று நல்ல மழை. உள்ளே பதினேழு குழந்தைகள் காய்ந்த தரையில் தவழ்ந்தார்கள். ஒரு சொட்டு விழவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

லெட்சுமி முந்தானை முடிச்சை அவிழ்த்து, கடிதங்களை எல்லார் முன்னாலும் தேநீர் அடுப்பில் போட்டார். பிறகு அதே ஆரஞ்சு நூல் பொன்னாடையோடு வந்தார். தலைவர் பழக்கத்தில் தோளைத் தாழ்த்திக் கொடுத்தார். அவரைத் தாண்டி வந்து எனக்குப் போர்த்தினார் லெட்சுமி. இத்தனை வருட வேலையில் என் தோளில் விழுந்த முதல் பொன்னாடை அதுதான்.

"செக்ரட்டரி ஐயா, இந்தத் தடவ மடிக்கிறதுக்கு முன்னால ஒதறிப் பாருங்க," என்றார்.

ஊரே பார்க்க உதறினேன். ஒரு தாள் விழுந்தது. மேல் லயத்துக்குத் தண்ணீர்க் குழாய் வேண்டும் என்று எழுதியிருந்தது.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். மேலே எழுதிய எல்லாவற்றையும் மறந்தாலும், உதறிப் பார்க்க மறக்காதீர்கள். அந்தத் தாளை நான் மடிக்கவில்லை. அங்கேயே, மைக்கில், சத்தமாகப் படித்தேன்.