மலை பார்க்க ஒரு கிழமை

கனடாவில், மார்க்கம் வீதியில் பஸ் தரிப்பை நோக்கி நடக்கிறேன். ஐந்து வருடமாகக் கொத்துரொட்டி போட்ட கடையில், லீவு தரவில்லையென்று இப்போதுதான் வேலையை விட்டு வந்தேன். முதலாளி குளிர் ஜாக்கெட் இல்லாமல் பனியில் பின்னால் ஓடி வருகிறார்.

“தம்பி, நில்லும். சுவிஸில ஒரு கலியாணம் எண்டு சொல்லும், லீவு தாறன். மலை பாக்க லீவு குடுத்தனெண்டால் சனம் சிரிக்கும்.”

“கலியாணமும் இல்லை, செத்தவீடும் இல்லை அண்ணை. மலை பாக்கத்தான் போறன்.”

“அங்க ஆர் இருக்கினம் உமக்கு?”

“ஒருத்தரும் இல்லை.”

“விசரோ உமக்கு?”

இருபது வயதில், கடவுச்சீட்டு இல்லாமல், அந்த மலைகளை ஒரு லொறிக்குள், வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்து கடந்தேன். வளைவுகளில் வாந்தி எடுத்ததுதான் நினைவிருக்கிறது. இப்போது பையில் கனடியக் கடவுச்சீட்டும், அல்ப்ஸ் கிராமமொன்றில் அறை பதிந்த தாளும் இருக்கின்றன. மலைப் பக்கம் ஜன்னல் வேண்டுமென்று கேட்டுப் பதிந்த அறை.

“ஒருக்கா ஒளிச்சுப் போனது காணும் அண்ணை, இனிப் பொய் சொல்லிப் போகேலாது,” என்றுவிட்டு பஸ்ஸில் ஏறுகிறேன்.

மறுநாள் காலை பிக்கரிங்கில் ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றும் வேலைக்குச் சேர்கிறேன். படிவத்தில் பெயருக்குக் கீழே முதலில் எழுதுகிறேன்: யூன் மாதம் ஒரு கிழமை, ஏழு நாளும், வரமாட்டேன், மலை பார்க்கப் போகிறேன்.