பன்னிரண்டாம் கல்

கொள்ளேகால் சாலையில் மைல்கற்களைப் பிடுங்கிவிட்டுக் கிலோமீட்டர் கற்களை நட்ட வருஷம் அது. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அஞ்சு மைலுக்கு எட்டு கிலோமீட்டர் என்று சாப்பிடும்போதுகூட ஒப்பித்து என் உயிரை வாங்குவார். "ஆஸ்பத்திரியில மருந்தளவே எனக்குப் போதும், உங்க கணக்கு வேண்டாம்" என்பேன்.

ஒருநாள் தன் தம்பிக்குப் பெண் பார்க்கக் கொள்ளேகால் போனவர், பஸ்ஸைத் தவறவிட்டு நெல் லாரியில் திரும்பியிருக்கிறார். அன்று மத்தியானம் நான் வார்டில் இருந்தேன். ஹனூர் பக்கத்து விவசாயி ஒருவர் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்தார்.

"சிஸ்டருங்களா? பன்னண்டாங் கல்லுகிட்ட லாரி புளியமரத்துல மோதிக் கெடக்குதுங்க. உங்க வூட்டு வாத்தியாருக்கு உசுரு இருக்குதுங்க, சீக்கிரம் போங்க!"

ஆஸ்பத்திரி வேனில் பறந்தோம். டிரைவர் புதுக்கல் ஒன்றின் அருகே நிறுத்தினார். லாரியும் இல்லை, புளியமரமும் இல்லை. சுற்றிலும் கரும்பு.

"நோடி, பாருங்க சிஸ்டர், பன்னெண்டு போட்டிருக்கு. மரத்த அந்தாளு பதட்டத்துல தப்பாச் சொல்லியிருப்பாரு. லாரிய இழுத்துட்டு, வாத்தியார வேற வண்டில யாரோ ஏத்திட்டுப் போயிருப்பாங்க. வாங்க, ஆஸ்பத்திரிக்கே போயிடலாம்."

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. திரும்பினோம். ஆஸ்பத்திரியில் யாரும் வந்திருக்கவில்லை. வாசலிலேயே காத்திருந்த விவசாயி தலையில் அடித்துக்கொண்டார். அவர் சொன்னது பழைய கல், மைல். கல்லைப் பிடுங்கினார்களே தவிர, ஊரார் வாயிலிருந்து அந்த எண்ணைப் பிடுங்கவில்லை பாவிகள்.

மறுபடியும் ஓடினோம். புதுக்கல்லைத் தாண்டி வெகுதூரம் போனபிறகுதான் புளியமரம் வந்தது. அவர் தலையை மடியில் வைத்திருந்த ஒரு கிழவி என்னைப் பார்த்துச் சீறினாள்.

"இத்தன நேரம் என்னம்மா பண்ணீங்க? இப்பத்தான் அடங்குச்சு."

நாடி பார்த்தேன். இல்லை. உடம்பு இன்னும் சூடாக இருந்தது. அந்தச் சூடு என் கையை விட்டு இன்றுவரை போகவில்லை.

அடக்கத்துக்கு விவசாயியும் வந்தார், டிரைவரும் வந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. விவசாயி மெல்ல என்னிடம் கேட்டார்.

"பன்னண்டுன்னுதானுங்க சொன்னேன். தப்புங்களா?"

"தப்பில்லீங்க" என்றேன். டிரைவர் வண்டியை நிறுத்திய கல்லும் பன்னிரண்டுதான். யாரைத் திட்டி அழுவதென்று தெரியாமல் நின்றேன். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று கேட்ட மாத்திரத்தில் சொல்லக்கூடியவரை அப்போது குழிக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.