பரிசலில் ஏற மறுத்தவர்கள்

கொள்ளிடத்தின் நடுவில் ஒரு திட்டில் இருக்கிறது எங்கள் ஊர். ஆறு வற்றியிருக்கும் மாதங்களில் மணலில் நடந்தே ஸ்ரீரங்கத்துக் கரைக்குப் போய்விடுவோம். தண்ணீர் வந்துவிட்டால் பரிசல்தான்.

பொன்மலையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்த அன்று பார்த்து, முக்கொம்பு அணையில் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். அவர்களை அழைத்துவரக் கரைக்குப் போன அப்பா போன் செய்தார்.

"பரிசல்ல ஏற பயப்படுறாங்கம்மா. நீயே இந்தப் பக்கம் வந்துடு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் அம்மா கிளறிய கேசரியைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு, பட்டுப்புடவையோடு பரிசலில் உட்கார்ந்தேன். அடியில் தேங்கிய தண்ணீரில் புடவை நனைந்தது.

கரையில் ஒரு டீக்கடை பெஞ்சில் மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மா என்னைவிட ஆற்றைத்தான் அதிகம் பார்த்தார்.

"தலை தீபாவளிக்கு எம் பையன் இதுலதான் வரணுமா?"

"தண்ணி இருந்தா இதுலதாங்க. நான் தினமும் வேலைக்கு இதுலதான் போயிட்டு வரேன்," என்றேன்.

"பாலம் எப்ப வரும்?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"அளந்துட்டுப் போயிருக்காங்க," என்றார் அப்பா. ஒவ்வொரு தேர்தலுக்கும் வந்து அளக்கிறார்கள் என்பதை அவர் சொல்லவில்லை.

கேசரியைச் சாப்பிட்டார்கள். சொல்லி அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனவர்கள் சொல்லி அனுப்பவேயில்லை.

அன்று திரும்பும்போது பரிசலில் அப்பா மெதுவாகச் சொன்னார்.

"இனிமே யாரா இருந்தாலும் பங்குனியில வரச் சொல்லுவோம்மா. அப்ப தண்ணி இருக்காது."

நான் புடவையைப் பிழிந்தேன்.