வியாழக்கிழமை வருகிறவன்

இது நடந்தது. அவர் கண்டார், இவர் கேட்டார் என்று நான் கதை விடவில்லை. எனக்கே நடந்தது. 1955ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 18ஆம் திகதி, வியாழக்கிழமை, மாலை ஆறு பதினெட்டிலிருந்து ஏழரை வரை. இடம் கல்முனைக்குத் தெற்கே சாய்ந்தமருது, கடற்கரைப் பக்கம், என் தங்கச்சி றுகையாவின் வீடு. நம்ப மனமில்லாதவர்கள் இந்த இடத்திலேயே பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம். உங்கள் நம்பிக்கையை அரித்து எடுத்து நான் உலையில் போடப் போவதில்லை.

என் பெயர் ஷரிபுதீன். வாப்பாவைக் கடல் கொண்டுபோனபோது எனக்கு ஒன்பது வயது. உம்மா சரீபா ஊரார் வீடுகளில் நெல் குத்தி எங்கள் இருவரையும் வளர்த்தாள். நான் மீராசாஹிபு முதலாளியின் கரைவலை இழுத்தேன். விடியற்காலை தொடங்கி உச்சி வெயில் வரை இழுத்தால் ஒரு சிரட்டை சூடை மீன் கிடைக்கும். அதிலும் நசிந்ததைப் பார்த்துப் பொறுக்கித்தான் தருவார். பள்ளிவாசலில் முதல் வரிசையில் நிற்கிற மனிதர்! ஒருநாள் சந்தியில் வைத்து, உம்மா குத்தக் கொடுத்த நெல்லில் பாதியை மடியில் கட்டிக்கொண்டு போகிறாள் என்று வாய் கூசாமல் சொன்னார். நான் துடுப்பை எடுத்து அவருடைய தோளில் போட்டேன். அன்றைக்கே ஊரை விட்டு ஓடினேன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. திருகோணமலையில் ஒரு கப்பலில் கரி அள்ளும் வேலை கிடைத்தது.

அதற்குப் பிறகு நடந்ததை ஊரில் சிலர் வீரக்கதையாகச் சொல்லித் திரிகிறார்கள். வீரமாம், மண்ணாங்கட்டி! 1942இல் ஜப்பான்காரன் எங்கள் கப்பலைத் தாழ்த்தினான். மிதந்தவர்களை அள்ளிக்கொண்டுபோய் பர்மாக் காட்டில் ரயில்பாதை போட விட்டான். மண் சுமந்தோம். அடி வாங்கினோம். ஒருவன் செத்தால் அவன் இடுப்பில் கட்டியிருந்த சாரத்துக்காக ஒருவரையொருவர் கடித்துக் குதறினோம். சண்டை முடிந்து மலாயாவில் கொண்டுவந்து விட்டபோது எனக்குக் கோபப்படுவதைத் தவிர வேறு தொழில் தெரியாது. ஒரு சோற்றுக்கடை வரிசையில் ஒருவன் முந்தினான் என்பதற்காகக் கத்தியால் குத்தினேன். அவன் செத்துப்போனான். ஒன்பது வருஷம் சிறை. ஊருக்கு ஒரு கடிதம் போடவில்லை. எனக்கு எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்தவனிடம் போய்க் கெஞ்சவும் மனம் வரவில்லை.

ஊரில் என்ன நடந்ததென்றால், கப்பல் தாழ்ந்தது, ஒருவரும் மிஞ்சவில்லை என்று தந்தி வந்திருக்கிறது. ஷரிபுதீன் மவுத்து என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. உம்மா வருஷம் தவறாமல் என் பெயரில் இறந்தவர்களுக்கான கத்தம் ஓதி ஊருக்குச் சோறு போட்டிருக்கிறாள். நெல் குத்திக் காய்த்துப்போன கையால். அந்தச் சோற்றுக்கு முதல் ஆளாக வந்து குந்தியவர் யாரென்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் மீராசாஹிபு முதலாளிதான். உயிரோடு இருந்த எனக்கு ஒரு முழு மீன் தராதவர், செத்த எனக்காகப் பதின்மூன்று வருஷம் இறைச்சி தின்றிருக்கிறார். தின்றுவிட்டு, "நல்ல புள்ள" என்று பெருமூச்சும் விட்டாராம்.

சனிக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்கினேன். ஊரே கூடிவிட்டது. முதலாளி வாய் நிறைய வெற்றிலையோடு ஓடிவந்து கட்டிப்பிடித்தார். தள்ளிவிட்டேன். சின்ன வயதிலிருந்தே என் நெற்றியில் இருந்த தழும்பைத் தடவிப் பார்த்து எல்லாரும் என்னை அடையாளம் கண்டார்கள். ஒருத்தியைத் தவிர.

உம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். கண்ணில் ஒரு குறையும் இல்லை. அந்த வயதிலும் ஊசியில் தானே நூல் கோப்பாள்.

"மொகம் அவன்ட மொகந்தான்," என்றாள். "ஆனா நீ என்ட மகனில்ல."

"உம்மா, நான் ஷரிபு."

"ஷரிபு மவுத்தாப் பெய்த்தான். வியாழக்கிழமையில வந்து சோறு தின்னுட்டுப் போறான். நீ யாரு தம்பி?"

தம்பி! பெற்ற மகனைப் பார்த்துத் தம்பி என்றாள். பர்மாவில் முதுகு கிழிந்தபோதும், சிறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தபோதும், அவள் வாயால் ஒரு தடவை 'மகன்' என்று கேட்கத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வேறொன்றும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

வெள்ளி இரவில், அதாவது வியாழன் அந்தியில் மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு, செத்தவர்களின் ரூஹானி வீடு தேடி வரும் என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் சொல்வார்கள். சாம்பிராணி போடுவார்கள், ஓதுவார்கள். உம்மா சோறே வைத்துவிட்டாள். கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று றுகையாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"வியாழக்கிழம எண்டா மஃரிபுக்கு முதலே நான் புள்ளையளக் கூட்டிக்கிட்டு பக்கத்து ஊட்ட பெய்த்திருவன், காக்கா. இஷா வாங்கு சொன்னாப் பொறகுதான் வருவன்."

"என்னத்துக்கு?"

"சட்டி பானை கழுவிற ஆள் நான். எத்தின பேர் தின்னிருக்கு எண்டு எனக்குத் தெரியும்," என்றாள்.

எனக்குச் சிரிப்பாக வந்தது. ஆயிரம் பிணம் பார்த்தவன் நான். பிணங்களுக்கு நடுவில் படுத்து உறங்கியவன். வியாழக்கிழமை நானே பக்கத்தில் இருந்து, அங்கே ஒருவனும் இல்லை என்று உம்மாவுக்குக் காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். காட்டிவிட்டால் அவளுக்கு என்னை விட்டால் வேறு மகன் கிடையாது.

வியாழக்கிழமை. ஆறு பதினெட்டுக்குப் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் மஃரிப் வாங்கு கேட்டது. ஊருக்குத் திரும்பி வந்த கப்பலில் சூதாடி வென்ற கைக்கடிகாரம் ஒன்று என்னிடம் இருந்தது. அது ஒரு நிமிஷம்கூடப் பிந்தாது. றுகையா பிள்ளைகளோடு போய்விட்டாள். உம்மா தொழுதாள். ஆறு நாற்பதுக்குப் பாயை விரித்து நடுவில் சகனை வைத்தாள். சகன் என்றால் நாலைந்து பேர் சுற்றியிருந்து ஒன்றாகத் தின்னும் பெரிய தட்டம். அவரவர் தன் பக்கத்துச் சோற்றைத்தான் தின்ன வேண்டும். மற்றவன் பக்கம் கை நீட்டுவது மரியாதை இல்லை.

நான் உம்மாவுக்கு நேரே போய்க் குந்தினேன்.

"அது அவன்ட எடம். இஞ்சால வந்து இரி தம்பி."

தள்ளி உட்கார்ந்தேன். சரி, கிழவி, உன் செத்த மகனுக்கு இடம் விட்டாயிற்று, வரச் சொல்லு பார்ப்போம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஆறு ஐம்பத்திரண்டு. கடல் சத்தம் நின்றது. கடலிலிருந்து இருநூறு அடி தூரத்தில் இருக்கிற வீடு அது. பிறந்த நாள் தொடக்கம் காதில் விழுகிற சத்தம்... இல்லை. நான் காதுக்குள் விரலை விட்டுக் குடைந்து பார்த்தேன்.

ஆறு ஐம்பத்தைந்து. முற்றத்து மணலில் காலடி. சர்... சர்... சர்... வெறுங்கால். படலை திறந்த சத்தம் கேட்கவில்லை. எனக்குப் படலை நன்றாகத் தெரிந்தது. மூடித்தான் இருந்தது.

பிறகு ஒரு நாற்றம் வந்தது. அழுகின மூங்கில் இலை, சேறு, மழை. எங்கள் கரையில் மூங்கில் கிடையாது. அது பர்மா நாற்றம். அதை எனக்கல்லாமல் இந்த ஊரில் வேறு எவனுக்கும் தெரியாது.

ஏழு மணி இரண்டு நிமிஷம். உம்மாவுக்கு நேரே, பாய் மெல்லப் பதிந்தது. ஆள் குந்தினால் பதியுமே, அப்படி.

"பிஸ்மி சொல்லித் தின்னு, மகன்," என்றாள் உம்மா.

மகன் என்றாள். என்னை அல்ல... அந்த வெறும் இடத்தை.

மீனில் முள் எடுத்தாள். சின்ன வயதில் எனக்கு எடுத்துத் தருவாளே, அதே மாதிரி நகத்தால் கிள்ளி, தடவிப் பார்த்து, அந்தப் பக்கத்துச் சோற்றில் வைத்தாள். வைத்த மீனை அடுத்த முறை பார்த்தபோது காணவில்லை.

நான் சோற்றைப் பார்த்தேன்.

அந்தப் பக்கத்தில் ஒரு குழி விழுந்திருந்தது. நாலு விரல் அகலம். சோறு மேலே எழும்பவில்லை. பறக்கவில்லை. குறைந்தது. அவ்வளவுதான். குழி பெரிதாகிக்கொண்டே வந்தது...

என் பக்கத்துச் சோறு தொடாமல் அப்படியே இருந்தது.

"இவன ஒனக்குத் தெரியுமா, மகன்?" உம்மா கேட்டாள். தலையைச் சாய்த்துக் காது கொடுத்தாள். "ஓம்... ஓம்..."

என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ தண்ணி குடுக்காத ஆளாம்."

நான் பாயின் விளிம்புக்கு நகர்ந்தேன்.

அதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், கேளுங்கள். முகாமில் என்னோடு காலி ஊர்ப் பக்கத்து றஸாக் என்று ஒருவன் இருந்தான். என் வயதுதான். வாந்திபேதி வந்து மரத்தடியில் போட்டிருந்தார்கள். பின்னேரம், அஸர் தொழுகை நேரம், நான் அவனைக் கடந்து போனேன். என் கையில் மூங்கில் குழாய் நிறையக் கொதித்தாறிய தண்ணீர். "மச்சான், ஒரு முடக்கு" என்றான். சாகிறவனுக்குத் தண்ணீர் எதற்கு என்று சொல்லி, அவன் முகத்துக்கு நேரே நின்று முழுவதையும் குடித்தேன். குடித்துவிட்டுக் குழாயைக் கவிழ்த்தும் காட்டினேன். மறுநாள் மரத்தடி காலியாக இருந்தது. புதைத்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

அவன்தான் வந்திருக்கிறான்! என் உம்மாவின் சோற்றைத் தின்ன, என் பெயரில் வந்து குந்தியிருக்கிறான்!

"டேய் றஸாக்! எழும்பிப் போடா! இது என்ட உம்மாடா!"

சகனைக் காலால் எற்றினேன். சோறு சிதறியது. குப்பி விளக்கு அணைந்தது.

இருட்டு...

மூச்சுச் சத்தம் இரண்டு. என்னுடையது ஒன்று. உம்மாவுடையது ஒன்று.

பிறகு... என் பிடரியில் ஒரு கை.

குளிர்ந்த கை. அடிக்கவில்லை. நெரிக்கவில்லை. தலையைத் தாங்கிப் பிடித்தது.

உதட்டில் ஏதோ முட்டியது. வட்டமான விளிம்பு.

மூங்கில்.

தண்ணீர் வாய்க்குள் இறங்கியது. இலைக் கசப்போடு.

இஷா வாங்கு கேட்டது. ஏழரை. கடல் மறுபடி இரைந்தது. றுகையா விளக்கோடு வந்தபோது நான் மூலையில் சுருண்டு கிடந்தேன். என் சட்டையின் முன்பக்கம் முழுவதும் நனைந்திருந்தது. உம்மா சிதறிய சோற்றை ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை.

"என்ட மகன்ட சோத்தத் தட்டிட்டாய். நீ இஞ்ச இரிக்காத தம்பி."

நான் தோணிக் கொட்டிலுக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டேன். முதலாளி அதற்கும் ஒரு கதை கட்டினார், பயத்தில் எனக்குச் சாரம் நனைந்ததாம். சொல்லட்டும். நான் உம்மாவை விடவில்லை. இரண்டு வருஷம், நாள் தவறாமல் படலையில் போய் நின்றேன். மீன் கொண்டுபோய்க் கொடுத்தேன். கெஞ்சினேன், சத்தம் போட்டேன், காலைப் பிடித்து அழுதேன். அவள் மீனை வாங்குவாள். "நல்லா இரிப்பாய் தம்பி" என்பாள். வியாழக்கிழமை அதே மீனில் முள் எடுத்து அவனுக்கு வைப்பாள்.

1957இல் மாரி தொடங்குமுன் உம்மா படுத்துவிட்டாள். கடைசி நாள், "மகன்... மகன்..." என்று கூப்பிட்டாள். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "இஞ்ச இரிக்கன் உம்மா" என்றேன். அவள் கையை உருவிக்கொண்டு மறுபக்கம் நீட்டினாள். அங்கே சுவர்தான். அன்று வியாழன்கூட இல்லை, திங்கட்கிழமை பகல் பதினொன்று பத்து. சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். மையித்தைக் குளிப்பாட்டிய பெண்கள், கையை விரிக்க முடியவில்லை, யாரையோ இறுக்கிப் பிடித்த மாதிரி மூடியிருந்தது என்றார்கள்.

றஸாக்கை நான் திட்டாத நாளில்லை. ஒரு முடக்குத் தண்ணீருக்கு என் தாயையே எடுத்துவிட்டானே என்று வயிறெரிந்தேன்.

1959 மார்ச் மாதம், சந்தையில் மீன் தட்டோடு இருந்தேன். ஒரு ஆள் எனக்கு முன்னால் வந்து நின்றான். குடை, செருப்பு, கொஞ்சம் தொந்தி. அக்கரைப்பற்றுக்கு நெல் வாங்க வந்தவனாம். என்னை உற்றுப் பார்த்தான்.

"சாந்தமருது ஷரிபுதானே? மச்சான், நான் காலி றஸாக்!"

முதலில் அவன் காலைப் பார்த்தேன். நிழல் விழுந்திருந்தது. கையைத் தொட்டேன். சூடாக இருந்தது. உயிருள்ள மனிதன். கண் கலங்க என்னைக் கட்டிக்கொண்டான்.

"அண்டைக்கு நீ தந்த தண்ணிதான் என்னைக் காப்பாத்தின. ராவோட ராவா என்னை வேற முகாமுக்கு ஏத்திட்டானுகள். ஒனக்கு ஒரு நன்றி சொல்லக்கூட ஏலாமப் போச்சி."

"நான் தரல்லயே," என்றேன். "ஒனக்கு முன்னால நிண்டு குடிச்சன்."

"அது அஸருக்கு. கோவத்தில செஞ்சாய். பொறகு மஃரிபு போல திரும்பி வந்தாய்தானே? என் தலைய மடியில வச்சிப் பருக்கினாய். ஒன்ட கை ஐஸ் மாதிரி இருந்தது. முழுத் தண்ணியும் தந்துட்டு எழும்பினாய். எங்க போறாய் எண்டு கேட்டன்."

"நான் என்ன சொன்னன்?"

"'ஊட்ட போறன். உம்மா சோறு வச்சிட்டுப் பாத்துக்கிட்டு இரிப்பா' எண்டாய். வேலிப் பக்கம் நடந்தாய். காவல்காரன் ஒன்னைத் திரும்பியும் பாக்கல்ல. கம்பிக்குள்ளால போனாய் மச்சான். அதுக்குப் பொறகு உயிரோட இரிப்பாய் எண்டு நான் நெனைக்கல்ல."

நான் திரும்பிப் போகவில்லை. சத்தியமாகப் போகவில்லை. அன்று மஃரிப் நேரம் நான் என் பாயில் கிடந்து, வயிறு நிறையத் தண்ணீரோடு நன்றாக உறங்கினேன்.

றஸாக் என்னைத் தோளில் தட்டிவிட்டு, உம்மா சுகமாக இருக்கிறாவா என்று கேட்டான். மகன் நான்தான் என்று இரண்டு வருஷம் அவளோடு சண்டை பிடித்தேனே, அதை அவனுக்கு நான் சொல்லவில்லை.