நாலாவது ஆள்

ஒரே நாளில் சிரம்பான் வரை போய்த் திரும்பிய கதையைச் சித்தப்பா சொல்லாத சரபத் டீக்கடை தேக்காவில் இல்லை. எந்த இடத்தில் லாரியை முந்தினார், எந்த வளைவில் மழை பிடித்தது, எந்த மலாய்க் கம்பத்து வீட்டுக் கோழி மயிரிழையில் தப்பியது எல்லாம் அதில் வரும். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் பாதை கொஞ்சம் நீளும், போய்வர எடுத்த நேரம் கொஞ்சம் குறையும். கேட்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். "அவ்வளவு தூரம் எதுக்குப் போனீங்க?" என்று யாராவது கேட்டால் மட்டும், ஆறிப்போன டீயை மறுபடி ஆற்றத் தொடங்கிவிடுவார்.

அந்த வண்டியில் நானும் இருந்தேன். பின் இருக்கையில், அத்தையின் டிரங்குப் பெட்டிமேல் காலைப் போட்டுக்கொண்டு. எனக்கு எட்டு வயது இருக்கும். எதற்குப் போனோம் என்று அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால் தவறாகத்தான் சொல்லியிருப்பேன்.

பின்னால் தெரிந்துகொண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அத்தை அப்பாவின் தங்கை. சிரம்பானுக்கு இந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டவள். ஒருநாள் தனியாக ரயிலேறி எங்கள் வீட்டுக்கு வந்து நின்றாள். வீடு என்றால், சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், மசாலைக் கடைக்கு மேல்மாடியில், பலகை அடித்துத் தடுத்த ஓர் அறை. அதில் அப்பா, அம்மா, நான், தொட்டிலில் தங்கை. சித்தப்பா வெளியே நடையில் கேன்வாஸ் கட்டில் போட்டுப் படுப்பார். அத்தைக்காகச் சேலை ஒன்றைக் குறுக்கே கட்டினோம். அவ்வளவுதான், அறை இரண்டாகிவிட்டது.

அவள் வலக்கையில் முழங்கைக்கு மேலே வரிசையாகச் சில வடுக்கள் இருந்தன. என்ன அத்தை என்று தொட்டுக் கேட்டேன். "அடுப்பு சுட்டிருச்சுடா" என்றாள். அடுப்பு ஏன் அந்த இடத்தையே தேடித் தேடிச் சுட்டது என்று எனக்குத் தோன்றவில்லை. அடுப்பென்றால் சுடும், அவ்வளவுதான்.

சில மாதம் கழித்துத் தோட்டத்திலிருந்து ஆள் வந்தார். பெண்ணைக் கொண்டுவந்து விடுங்கள், இல்லையென்றால் நாங்கள் வேறு பெண் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கம்பக்கத்தில் நாலு பேர் அப்பாவுக்குப் புத்தி சொன்னார்கள். கட்டிக்கொடுத்தவளை வீட்டில் வைத்துக்கொண்டிருந்தால் நாளைக்கு உன் மகளை யார் கட்டுவான் என்று கேட்டார்கள். அந்த மகள் அப்போது தொட்டிலில் கட்டைவிரலைச் சூப்பிக்கொண்டிருந்தாள். அப்பா தேக்கா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். நாலு பேர் சொன்னதற்கு மறுபேச்சுப் பேசிப் பழக்கமில்லாதவர். சரி என்றுவிட்டார்.

சித்தப்பா ஒரு சீன முதலாளியிடம் கார் ஓட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அந்தக் காரை இரவல் வாங்கினார். திங்கட்கிழமை விடிந்ததும் முதலாளி வீட்டு வாசலில் அது நிற்கவேண்டும், நிற்காவிட்டால் சித்தப்பா வேலைக்கு வேறிடம் பார்க்கவேண்டியதுதான். ஒரே நாள் சவாரியின் ரகசியம் இவ்வளவுதான்.

கிளம்புகிற நேரத்தில் அம்மா வாசலில் நின்று ஆட்களைப் பார்த்தாள். அப்பா, சித்தப்பா, அத்தை.

"மூணு பேரா போகாதீங்க. காரியம் உருப்படாது. இவனையும் இழுத்துட்டுப் போங்க."

அப்படித்தான் நான் நாலாவது ஆள் ஆனேன். கார் சவாரி என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. "எங்கம்மா போறோம்?" என்றேன். மண்டையில் ஒரு குட்டு விழுந்தது.

"கிளம்பறப்ப எங்கேன்னு கேக்காதேன்னு எத்தனை தடவடா சொல்றது?"

"தூரமான்னு கேளுடா" என்று சித்தப்பா திருத்தினார்.

"தூரமா சித்தப்பா?"

"தூரந்தான்."

அத்தை அம்மாவிடம், "போறேன் அண்ணி" என்றாள். நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும்போது நான் வாய் தவறிப் 'போறேன்' என்றால், பாதிப் படியிலிருந்து மேலே கூப்பிட்டு, "போயிட்டு வர்றேன்னு சொல்லு" என்று சொல்லவைத்துத்தான் விடுவாள். அத்தைக்கும் அந்த அர்ச்சனை கிடைக்கும் என்று காத்திருந்தேன். அம்மாவோ சுத்தமாக இருந்த தங்கையின் வாயை முந்தானையால் துடைத்துக்கொண்டே நின்றாள்.

அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றையும் நிம்மதியாகத் தின்ன முடியவில்லை. ஜோகூருக்குப் போகும் கடற்பாலத்துக்கு முன்னால் சித்தப்பா வண்டியை ஓரங்கட்டிவிட்டு, "எல்லாத்தையும் இங்கயே தின்னு முடிங்க" என்றார். ஜோகூர்ப் பக்கம் சோற்றுப் பொட்டலத்தோடு போனால், காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குக் கொண்டுபோகிறாயா என்று ரோட்டு மறிப்பில் பிடித்துக்கொள்வார்கள். அது அந்தக் காலம். விடிந்தும் விடியாத வேளையில் மூன்று பேர் அவசர அவசரமாகத் தின்றோம். அத்தை தன் பங்கையும் என் இலையில் தள்ளிவிட்டாள். பிறகு மறிப்பில் ஒரு மலாய்ப் போலீஸ்காரர் தலையை உள்ளே நீட்டி, எங்களை எண்ணி, அடையாள அட்டையான ஐ.சி.க்களைப் பார்த்து, "நாசி அடா?" என்று கேட்டார். வண்டி முழுக்கப் புளிச்சோற்று வாசம். சோறு இருக்கிறதா என்று இருக்கைக்கு அடியில் தேடினார். அது பெரும்பாலும் என் வயிற்றில் இருந்தது.

எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனால் மைல்கல்லைப் படிக்கும் வேலையை அப்பா எனக்குக் கொடுத்தார். சித்தப்பாவுக்கு அந்தப் பாதை மனப்பாடம் என்பது தெரியாமல், நான்தான் வழிகாட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டு தொண்டை கிழியப் படித்தேன். எண் குறையக் குறைய நாம் நெருங்குகிறோம் என்று பொருள். நெருங்கினால் சந்தோஷப்படவேண்டும் அல்லவா? நான் ஒவ்வொரு எண்ணாகக் குறைத்துச் சொல்லச் சொல்ல, அப்பா பதில் சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

அதைவிடக் குழப்பம், சித்தப்பா வண்டி ஓட்டிய விதம். புக்கித் தீமா ரோட்டில் பஸ்ஸையே முந்துகிறவர், அன்றைக்கு மாட்டு வண்டிக்குப் பின்னால் மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைபோல் போனார். யோங் பெங்கில் காப்பி குடிக்க நிறுத்தினார். சிகாமட்டில் டயரை உதைத்துப் பார்க்க நிறுத்தினார். தம்பினில் அப்பாவே நிறுத்தச் சொல்லி ரம்புத்தான் பழம் வாங்கினார். வாங்கியதை யாரும் உரிக்கவில்லை.

"சித்தப்பா, அந்த லாரி நம்மள முந்திட்டான்."

"முந்தட்டும்லா. அவனுக்கு அவசரம்."

வண்டியை மறுநாள் விடிவதற்குள் ஒப்படைக்கவேண்டியவர் பேசுகிற பேச்சா இது?

தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் வண்டி போய் நின்றபோது உச்சிவேளை. அத்தையின் வீட்டுக்காரரான மாமா ஓடிவந்து கதவைத் திறந்தார். இவ்வளவு நல்ல மாமா நமக்கு இருக்கிறாரே என்று எனக்கு ஆச்சரியம். சிரித்த முகம். எனக்காக ஓடிப்போய் வாங்கிவந்த பன்னீர்ச் சோடா. என் தலையைத் தடவிக்கொடுக்கக் கையை நீட்டினார். தடவியது என் தலையை, பக்கத்தில் நின்ற அத்தை ஏன் தன் தலையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள் என்று எனக்கு விளங்கவில்லை.

மாமாவின் அம்மாதான் அந்த வீட்டில் எல்லாம். நாள், நேரம், சகுனம் பார்ப்பதில் எங்கள் அம்மா அவர் பக்கத்தில் நிற்க முடியாது. சித்தப்பா பெட்டியைத் தூக்கப்போனபோது கையைக் காட்டித் தடுத்துவிட்டார்.

"எமகண்டம் நடக்குது. கழியட்டும், அப்பறம் இறக்கலாம்."

அதனால் பெட்டி வண்டியிலேயே இருந்தது. நாங்கள் சாப்பிட்டோம். பெரியவர்கள் ரப்பர் விலையைப் பற்றிப் பேசினார்கள். அத்தையைப் பற்றி யாரும் பேசவில்லை. எமகண்டம் கழிந்ததும் மாமாவே போய்ப் பெட்டியை எடுத்து வாசற்படியில் வைத்தார். "அப்ப நாங்க வர்றோம்" என்று அப்பா பொதுவாகச் சொன்னார். அத்தை நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பார்வை எங்கள்மேல் இல்லை, தரையில் எதையோ தேடுவதுபோல் இருந்தது.

அப்பா வண்டியில் ஏறினார். நானும் ஏறினேன். சித்தப்பா வண்டியைக் கிளப்பினார். பின் இருக்கை விசாலமாக இருந்தது. அந்த விசாலம்தான் எனக்கு நினைவூட்டியது.

"அப்பா, மூணு பேரா ஆயிட்டோமே."

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். சித்தப்பா இன்ஜினை அணைத்துவிட்டார்.

"என்ன சொன்ன?" என்றார் அப்பா.

"மூணு பேரா போகக்கூடாதுன்னு அம்மா சொன்னாங்கல்ல? இப்ப நாம மூணு பேருதான்."

"சத்தமாச் சொல்லு."

அவருக்குக் காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, மைல்கல் படித்த குரலில் சொன்னேன். வாசலில் நின்ற எல்லாருக்கும் கேட்டது. மாமாவின் அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது.

அப்பா இறங்கினார். "புள்ள வாயில வந்துருச்சும்மா. தூரப் பயணம். மூணு பேரா எப்படிக் கிளம்பறது?"

அந்த அம்மாள் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். "அதுக்கென்ன தம்பி. ஒரு கல்லை எடுத்து வண்டியில போட்டுக்கங்க. நாலாயிரும்."

அது சரிதான். எங்கள் வீட்டிலும் அந்த வழக்கம் உண்டு. ஆள் இல்லாத இடத்தில் கல் ஓர் ஆள். இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதே என்று எனக்கு ஒரே மகிழ்ச்சி. யாரும் சொல்லாமலே கீழே குதித்து, வாசலில் கிடந்தவற்றில் நல்லதாக, முட்டைபோல் வழுவழுப்பான ஒரு கல்லைத் தேடி எடுத்து ஓடினேன்.

"அப்பா, கல்லு."

அப்பா கல்லைக் கையில் வாங்கிக்கொண்டார். நிலைக்கதவைப் பிடித்திருந்த அத்தையின் கை கீழே விழுந்தது.

சித்தப்பாதான் வாயைத் திறந்தார். "கல்லெல்லாம் நம்ம சாமிக்குச் சரிம்மா. ரோட்டு மறிப்புல இருக்கிறவனுக்கு? நாலு தலைன்னு எண்ணி அனுப்பியிருக்கான். திரும்பறப்ப கல்லுக்கு ஐ.சி. எங்கேன்னு கேட்டா நான் எதை எடுத்து நீட்டறது?"

"நல்ல நாளாப் பாத்து நானே கொண்டாந்து விடுறேன்" என்றார் அப்பா. அவர் குரல் அவ்வளவு மெலிந்து நான் கேட்டதில்லை.

"என்ன, விளையாடறீங்களா? பெட்டிய இறக்கியாச்சு" என்றார் மாமா. அவர் சிரிப்பு எங்கேயோ போயிருந்தது. சோடா வாங்கிக் கொடுத்த முகம்தானா இது என்று நான் உற்றுப் பார்த்தேன்.

அவருடைய அம்மா அவரை அடக்கினார். "நீ சும்மா இருடா. வழியில ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா பழி நம்ம வாசப்படிக்குத்தான வரும்? கூட்டிட்டுப் போகட்டும். வர்ற வெள்ளிக்கெழம நல்ல நாளு."

அப்பா படியருகில் போனார். கல்லைப் படியில் வைத்தார். பெட்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவருக்கு அது ஒரு பாரமே இல்லை, ஆனால் மூச்சு வாங்கியது.

எனக்குக் கோபமான கோபம். நான் பொறுக்கிய கல் படியிலேயே கிடந்தது. "அப்பா, கல்லே போதும்ல?" என்று வண்டி கிளம்பும்போதும் கேட்டேன். "பேசாம உக்காரு" என்றார்.

திரும்பும் பாதையில்தான் சித்தப்பாவின் பிற்காலப் புகழ் எல்லாம் உண்டாயிற்று. லாரியை முந்தியது, கோழி தப்பியது, மழையிலும் கண்ணாடி துடைக்க நிற்காதது எல்லாம் உண்மை. எங்கேயும் நிறுத்தவில்லை. என்னை யாரும் மைல்கல் படிக்கச் சொல்லவில்லை. அதே பாதை போகும்போது அவ்வளவு நீளமாகவும் வரும்போது இவ்வளவு குட்டையாகவும் எப்படி இருந்தது என்று கேட்க வாயெடுத்தேன், அத்தை பெட்டிமேல் தலையைச் சாய்த்து, வாய் திறந்து, குழந்தைபோல் தூங்கிக்கொண்டிருந்தாள். அதனால் கேட்கவில்லை. கடற்பாலத்தில் ஏறியதும் விழித்தாள். வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்து பேசாதவள், "பசிக்குதுண்ணே" என்றாள். அப்பா முன்னால் பார்த்தபடியே, மடியிலிருந்த ரம்புத்தானைப் பின்னால் நீட்டினார்.

கார் நேரத்துக்கு முதலாளி வாசலில் போய் நின்றது. சித்தப்பாவுக்கு வேலை போகவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. அதற்கடுத்த வெள்ளியும் வந்தது. தோட்டத்திலிருந்து ஆள் வரும்போதெல்லாம் அப்பா என்னைக் கூப்பிட்டுச் சுவரிலிருந்த நாட்காட்டியைப் படிக்கச் சொல்வார். சுபதினம் என்று சிவப்பில் போட்டிருக்கும். நான் அப்படியே படிப்பேன். "அது அவ்வளவா சரியில்ல" என்பார் அப்பா. அச்சடித்தவனைவிட இவருக்கு எப்படித் தெரியும் என்று நான் விழிப்பேன். கடைசியில் அங்கிருந்து ஆள் வருவது நின்றுபோயிற்று. அத்தை செம்பவாங்கில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் சமையல் வேலைக்குச் சேர்ந்தாள். அறையின் குறுக்கே கட்டிய சேலை கட்டினபடியே இருந்தது.

இரண்டு வருடம் கழித்துச் சித்தப்பாவுக்குப் பெண் பார்க்கப் புறப்பட்டோம். தங்கைக்குக் காய்ச்சல் என்று அம்மாவும் அத்தையும் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். அப்பா, சித்தப்பா, நான். சந்து முனைக்கு வந்ததும் அப்பா நின்று எங்களைப் பார்த்தார். பிறகு குனிந்து, சாக்கடையோரம் கிடந்த சொத்தைக் கல் ஒன்றை எடுத்துத் தட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"அன்னிக்கு மட்டும் ஏம்ப்பா கல்லு வேணாம்னீங்க?"

சித்தப்பா வேகமாக முன்னால் நடந்தார். அப்பா சட்டைப்பையைச் சரிசெய்துகொண்டார்.

"அன்னிக்கு அங்க நல்ல கல்லு கெடைக்கலடா."

அந்த வாசல் முழுக்கக் கல்தான் கிடந்தது. அதில் தேடி, முட்டைபோல் வழுவழுப்பாக இருந்ததை நானே எடுத்துக் கொடுத்தேன். அதில் அப்பாவுக்கு என்ன குறை தெரிந்தது என்று பெண் வீடு வரும்வரை யோசித்துக்கொண்டே நடந்தேன்.