அரை டாக்டர் வீட்டுக் கண்வலி

மருந்துக் கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்த அந்த மனிதருக்கு அக்கம்பக்கத்தில் 'அரை டாக்டர்' என்று பெயர். கிண்டலுக்கு வைத்ததுதான். அவரோ பட்டம் வாங்கியதுபோல் பூரித்துப்போனார். அந்தப் பூரிப்பைப் பார்த்தாலே அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பகலெல்லாம் டாக்டர்களின் வாசலில் கால்கடுக்க நிற்கிற ஆள், வீட்டுக்கு வந்ததும் அவர்களுக்கே பாடம் எடுத்துவிட்டு வந்தவர்போல் காலை நீட்டிக்கொள்வார்.

அவர் விற்றது கண் சொட்டு மருந்து.

"கண்ணு ஏன் சிவக்குது? எல்லாம் புரோஸ்டாகிளாண்டின்! கொழுப்புலேருந்து பிறக்கிற பொருள். நம்ம மருந்து அதைக் கழுத்தைப் பிடிச்சு நிறுத்திடும்" என்பார். கம்பெனி உருப்போட வைத்த நாலு வரி. அதற்கு மேல் கேட்டால் இருமல் வந்துவிடும்.

ஒருநாள் மனைவிக்கு இடது கண் சிவந்தது. ஜன்னல் வெளிச்சம் ஊசியாய்க் குத்தியது. அவர் பையிலிருந்து சாம்பிள் மருந்தை எடுத்துக் கண்ணில் விட்டார். சிவப்பு கொஞ்சம் மட்டுப்பட்டது. வலி போகவில்லை, பார்வையும் மங்கியது.

"சிவப்பு போயிடுச்சில்ல? மிச்சமெல்லாம் உன் மனசுதான்."

"மனசு நல்லாத்தாங்க தெரியுது. நீங்கதான் மங்கலா தெரியறீங்க."

அவருக்கு அது உறைக்கவில்லை. ஒரு வாரம் பொறுத்துவிட்டு, தங்கையைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அவள் கண் ஆஸ்பத்திரிக்குப் போனாள். "என் பேரைச் சொன்னா உடனே கூப்பிடுவாங்க" என்று அவரும் ஒட்டிக்கொண்டார். பேரைச் சொன்னார். வரவேற்பில் இருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கொழுப்பைப் பத்திப் பேசறதுக்கு அத்தானை விட்டா ஆள் ஏது?" என்று அக்காளின் காதைக் கடித்தாள் தங்கை.

டாக்டரம்மா கருவியில் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். "கண்ணுக்கு உள்ளேயே அழற்சி. ஏம்மா இவ்வளவு நாள் விட்டீங்க?"

"நம்ம கம்பெனி சொட்டு விட்டிருக்கேன். புரோஸ்டாகிளாண்டின்தானே டாக்டர்..." என்று ஆரம்பித்தார் இவர்.

"அது மட்டும் இல்ல சார். அதே கொழுப்புலேருந்து இன்னும் எத்தனையோ பிறக்குது. சிலது வெள்ளணுக்களைக் கூப்பிட்டு அழற்சியை வளர்க்கும், சிலது பிறகு வந்து அடக்கும். உங்க சொட்டு ஒரு வழியைத்தான் அடைக்கும். இவங்களுக்கு ஸ்டீராய்டு சொட்டு வேணும். கண்பாப்பாவோட ஓரம் பின்னாடி இருக்கிற லென்ஸோட ஒட்ட ஆரம்பிச்சிருக்கு."

"கரெக்ட்" என்று தலையாட்டினார் அரை டாக்டர், மாணவி சரியாகப் பதில் சொல்லிவிட்டதுபோல.

மனைவிக்கு வலி மறந்தது. இந்த ஆளிடமா கண்ணைக் கொடுத்தோம் என்று அருவருப்பாக இருந்தது.

புது மருந்தில் கண் தேறியது. பார்வை திரும்பியது. கண்பாப்பாவின் ஒரு ஓரம் மட்டும் ஒட்டியது ஒட்டியதுதான், வட்டம் கோணலாகவே நின்றுவிட்டது.

வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவர் இப்போதும் சொல்கிறார்: "நான் மட்டும் உடனே கண்டுபிடிக்கலைன்னா இவ கண்ணு போயிருக்கும்."

அவள் மறுத்துப் பேசுவதில்லை. அதற்குக்கூட அவர் லாயக்கில்லை என்று எண்ணி, எழுந்து உள்ளே போய்விடுகிறாள்.